துரத்துவார் இல்லாத ஓட்டம்

‘ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு இளக்காரம்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனைச் சற்று உற்று நோக்குவோமாயின் ஓர் உண்மை புலப்படும். ஒருவன் ஓடுகிறான் என்றால் அவனை எவரோ துரத்துகின்றனர் என்பதே நம் முன்னோர் கொண்ட கருத்து. துரத்துவார் எவருமின்றி, களிப்பின் பொருட்டு மட்டுமே ஒருவன் ஓடக்கூடும் என்பது இப்பழமொழியை ஆக்கியோருக்குத் தோன்றவேயில்லை போலும்!

கடந்த தை மாதந் தொடக்கம் ஆவணி மாதம் வரை யாம் சீனன்குடாவின் வீதிகளில் ஓடித் திரிந்தோம். எம்மைத் துரத்தியவர் எவருமிலர். தெரு நாய்கள் நீங்கலாக. நாற்பத்தாறு வயதும், சற்றே முன்வந்த வயிறும், கரும்பலகையின் முன்னே இருபது ஆண்டுகள் நின்று பழகிய கால்களும் உடைய ஒரு கல்லூரி ஆசிரியர் இவ்வாறு ஓடுவதைக் கண்டு, வாசக அன்பர்களே, ஊரார் நகைத்தது உண்மை. அந்த எட்டு மாதங்களில் யாம் கற்ற பாடம் ஒன்றை இவ்வாரம் உங்கள் முன் வைக்க விழைகின்றோம். அது எமக்குப் பெருமை தரும் பாடமன்று என்பதையும் முன்னரே கூறிவிடுகின்றோம்.

எம்மை ஓடுமாறு பணித்தவர் ஒரு வைத்தியர். வெறுவயிற்றில் எடுத்த எமது குருதியில் சர்க்கரையின் அளவு 119 மில்லிகிராம் என்று கண்டிருந்தது. நூறுக்குள் இருத்தல் நலம். 126ஐத் தொட்டுவிட்டால் நீரிழிவு என்று பெயர் சூட்டிவிடுவர். “வாசற்படியில் நிற்கிறீர்கள். உள்ளே போவதும் திரும்பி வருவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது” என்றார் வைத்தியர். அவர் அதற்குமேல் ஒன்றும் கூறத் தேவையிருக்கவில்லை. எமது தந்தையாரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனது அந்நோயே. தம் ஒற்றைச் செருப்பைத் திண்ணையின் கீழ் ஒழுங்காக வைத்துவிட்டு அவர் அமர்ந்திருக்கும் காட்சி இன்றும் எம் கண்ணை விட்டு அகலவில்லை. அன்று மாலையே ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

“இஞ்சாருங்கோ, இந்த வயதில ஓடிக் கையைக் காலை முறிச்சுப் போடாதேங்கோ” என்றார் எமது இல்லத்தரசியார். வயதைப்பற்றிய வாதத்திற்கு எம்மிடம் நல்லதொரு விடை இருந்தது. 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற ஆசிய மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிகளில் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த திருமதி அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தபவன் அவர்கள் தங்கப் பதக்கங்கள் வென்று நாடு திரும்பினார். அப்பொழுது அவருக்கு வயது 72. “எழுபத்திரண்டில் ஒரு பெண்மணி பதக்கம் பெறும்போது நாற்பத்தாறில் யாம் வீதியின் முடிவு வரையேனும் ஓடக்கூடாதா?” என்று வினவினோம். “அவ சின்னனிலயிருந்து ஓடினவவா இருக்கும், நீங்கள் சின்னனில எங்கே ஓடினனீங்கள்?” என்று கேட்டுவிட்டு அவர் அடுக்களைக்குள் புகுந்துவிட்டார்.

அக்கேள்வி எம்மை விடவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தெருவில் இறங்கியபொழுதும் அது உடன் வந்தது.

சீனன்குடாவை அறியாத வாசகர்களுக்குச் சில சொற்கள். திருகோணமலைத் துறைமுகத்தின் உட்புறக் கரையில், நகரிலிருந்து உள்நாடு நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த ஊர் இது. புகையிரத நிலையம் ஒன்றும், விமானப்படைத் தளம் ஒன்றும், இரவெல்லாம் விளக்கெரியும் மாவாலை ஒன்றும் இங்குள. காட்டு மரங்களுக்கிடையே, இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் அமைத்த மாபெரும் எண்ணெய்க் குதங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபொழுது இவ்விமானத் தளமும் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. வரலாறு படிப்பிக்கும் எமக்கு இவ்வூரின் ஒவ்வொரு வளைவும் ஒரு பாடம். ஆயினும் அவ்வீதிகளை அதுகாறும் பேருந்தின் சாளரத்தினூடாகவே கண்டிருந்தோம். கால்களாற் கண்ட சீனன்குடா வேறு. மழை ஓய்ந்த தை மாதத்து விடியலில் குடாவின் நீர் அசையாது கிடக்கும். மீன்பிடி வள்ளங்கள் கரை திரும்பும் ஓசை நெடுந்தூரத்துக்குக் கேட்கும். ஈர மண்ணின் வாசனையும், எங்கோ ஒரு வீட்டில் பிட்டு அவியும் வாசனையும் கலந்து வரும்.

முதல் நாள் யாம் ஓடிய தூரம் இரு மின்கம்பங்களுக்கு இடைப்பட்டது. பிறகு நின்று, முழங்கால்களைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினோம். அப்பொழுதுதான் எமது இல்லத்தரசியாரின் கேள்விக்கு விடை கிடைத்தது.

யாம் சிறுவயதில் ஓடியதுண்டு. எம் தலைமுறையினர் எல்லோரும் ஓடியவர்களே. ஆனால் அவ்வோட்டத்திற்கு வேறு பெயர். வெடியோசை கேட்டதும் தாயார் கையைப் பற்றியிழுக்க, பாயையும் தலையணையையும் விட்டுவிட்டுக் கோவிலுக்கோ பாடசாலைக்கோ ஓடினோம். எமது பதினைந்தாம் வயதில் வீதியில் ஒருவன் காரணமின்றி ஓடினால் சோதனைச் சாவடியில் இருப்போர் அவனைச் சும்மா விடார். ஆகவே ‘மெல்ல நட, ஓடாதே’ என்பதே பெற்றோர் எமக்குப் புகட்டிய பாலபாடம். பிறகு 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தபொழுது இக்கரையோரத்தவர் மீண்டும் ஓடினர். 2009இல் போர் முடிவுற்றது. அதன்பின் பிறந்த பிள்ளைகளே, துரத்துவார் இல்லாமல் ஓடலாம் என்று இயல்பாக அறிந்த முதற் பிள்ளைகள். நாற்பத்தாறு வயதில் யாம் அவர்களிடமிருந்து அதனைக் கற்க வேண்டியவர்களானோம்.

மாசி மாதத்தில் எமது கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. பெண்களுக்கான 1500 மீற்றர் ஓட்டத்தில் பத்தாந் தர மாணவி ஒருத்தி எல்லோருக்கும் பின்னே, வெகு தொலைவில் வந்தாள். அடுத்த நிகழ்ச்சிக்குரியோர் தடத்தில் இறங்கிவிட்டனர். சிலர் நகைத்தனர். அவளோ எவரையும் நோக்காமல் ஓடிவந்து, கோட்டைத் தாண்டி, நேரே தண்ணீர்க் குழாயடிக்குச் சென்றாள். மறுநாட் காலைக் கூட்டத்தில் பேசும் முறை எம்முடையது. அவளை மனத்திற் கொண்டே ஒரு வரலாற்றைச் சொன்னோம்.

டோக்கியோ நகரின் தேசிய விளையாட்டரங்கு 1958ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கென அமைக்கப்பட்டது. இலங்கையில் இனக்கலவரம் மூண்டெரிந்த அதே மே மாதத்தில், அவ்வரங்கில் யாழ்ப்பாணத்து இளைஞர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து முதலிடம் பெற்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கப் பதக்கம் அதுவே. ஆறு ஆண்டுகள் சென்றன. 1964இல் அதே அரங்கில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. இருபத்தைந்து சுற்றுக்களைக் கொண்ட பத்தாயிரம் மீற்றர் ஓட்டத்தில் இலங்கை இராணுவத்தைச் சேர்ந்த ரணதுங்க கருணானந்த 67ஆம் இலக்கத்தை நெஞ்சில் அணிந்து ஓடினார். அமெரிக்கரான பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் முதலாவதாக வந்தார். பலர் இடையிலே விலகிக்கொண்டனர். ஏனையோர் ஓட்டத்தை முடித்துவிட்ட பின்னரும் கருணானந்த தனியொருவராகச் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் நகைத்த கூட்டம் அடுத்த சுற்றில் அடங்கியது என்றும், இறுதிச் சுற்றில் எழுந்து கரகோஷம் செய்தது என்றும் கூறுவர். 34 நிமிடம் 21.2 செக்கனில் அவர் கோட்டைத் தாண்டினார். கடைசியாக வந்த அம்மனிதரின் கதையை ஜப்பானியர் தம் பாடசாலைப் புத்தகத்திற் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தனர். 1974இல் நீரில் மூழ்கி அவர் மறைந்தார்.

ஒரே அரங்கு, ஒரே நாட்டவர் இருவர், ஒருவர் முதலில் வந்தார், மற்றவர் கடைசியில் வந்தார், இருவரும் நம் போற்றுதலுக்குரியவர் என்று பேச்சை முடித்தோம். மாணவர் கைதட்டினர். எமது பேச்சில் எமக்கே மிகுந்த திருப்தி உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

சித்திரை பிறந்தது. நம் ஊர்களிற் புத்தாண்டு விளையாட்டு விழாக்கள் எவ்வாறு நடைபெறும் என்பதை வாசகர் அறிவர். முட்டி உடைத்தல், தலையணைச் சமர், கயிறிழுத்தல், வழுக்கு மரம் ஏறுதல் என்று நாள் முழுதும் ஆரவாரமாக இருக்கும். இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் காலையில் மரதன் ஓட்டம். நாற்பத்திரண்டு கிலோமீற்றர் ஓடுவதற்கே மரதன் என்ற பெயர் உரியதாயினும், நம் ஊரில் எட்டுக் கிலோமீற்றரும் மரதனே. மூன்று மாதப் பயிற்சியுடைய யாமும் அதில் எமது பெயரைப் பதிவு செய்தோம். எம் மாணவர் பலரும் வந்திருந்தனர்; அம்மாணவியும் நின்றாள்.

தொடக்கத்திலேயே யாம் ஒரு பிழை செய்தோம். மாணவர் காண முன்னணியில் ஓடவேண்டும் என்ற ஆசையால் எம் வலுவுக்கு மீறிய வேகத்திற் புறப்பட்டோம். முதற் கிலோமீற்றரில் யாம் இளைஞர்களோடு இருந்தோம். இரண்டாவதில் அவர்கள் முன்னே சென்றனர். மூன்றாவதில் எல்லோரும் எம்மைக் கடந்தனர். இறுதியாக அம்மாணவி, ஒரே சீரான சிற்றடிகளோடு, “சேர்” என்று மெல்லச் சொல்லியவாறு கடந்து போனாள். சித்திரை வெயில் ஏறிவிட்டது. கண்முன் வீதி நீண்டு கிடந்தது, பின்னே எவருமில்லை.

அவ்வேளையில் ஒரு முச்சக்கர வண்டி எம் அருகே வந்து நின்றது. ஓட்டுநர் எமது பழைய மாணவர். “சேர், ஏறுங்கோ, வீட்டில விடுறன்” என்றார். யாம் ஏறினோம்.

நோயோ காயமோ எம்மைத் தடுக்கவில்லை. நடந்தேனும் எஞ்சிய தூரத்தைக் கடந்திருக்கலாம். கடைசியாக வருவதை எம் மாணவர் பார்ப்பரே என்ற நாணமே எம்மை ஏற்றியது. வண்டி புறப்பட்டுச் சிறிது தூரத்தில் அம்மாணவியைக் கடந்தபொழுது யாம் தலையைக் குனிந்துகொண்டோம். பின் ஒழுங்கையால் விடுமாறு ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டோம். அன்று மாலை, ஓட்டம் எவ்வாறு முடிந்தது என்று அவரையே விசாரித்தோம். கடைசியாக ஒரு பிள்ளை வந்தது என்றும், அதற்குள் முட்டி உடைத்தல் தொடங்கிவிட்டமையால் முடிவுக் கோட்டில் ஒருவருமே இருக்கவில்லை என்றும், அந்தப் பிள்ளை கோட்டைத் தாண்டிச் சற்று நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது என்றும் அவர் சொன்னார்.

விடுமுறை கழிந்து கல்லூரி தொடங்கியது. ஒருநாள் பாடம் முடிந்ததும் அம்மாணவி மேசையருகே வந்தாள். “சேர், ஒரு கேள்வி. கருணானந்த ஏன் இடையில நிக்கேல்லை?” என்றாள்.

கூட்டத்திற் பேசிய நாளிலாயின் எம்மிடம் விடை ஆயத்தமாக இருந்திருக்கும். அன்று நா எழவில்லை. “எனக்குத் தெரியாது, பிள்ளை. நான் இடையில நிண்டனான்” என்றோம்.

“தெரியும், சேர். ஓட்டோ என்னைக் கடந்துதானே போனது” என்றாள் அவள். பிறகு, குறை கூறும் எண்ணம் சிறிதுமின்றி, “அதுவரைக்கும் எனக்குப் பின்னால நீங்கள் இருந்தனீங்கள்” என்றாள்.

அச்சொற்களை யாம் வீடு செல்லும் வழியிலேதான் விளங்கிக்கொண்டோம். யாம் இறுதிவரை ஓடியிருப்போமாயின் கடைசியாக வந்திருப்பவர் யாமே, அவள் கடைசியாகியிராள். கடைசி இடம் என்பது எவரோ ஒருவர் ஏற்கவேண்டிய இடம். யாம் நாணி எறிந்துவிட்டுப் போனதை ஒரு பதினைந்து வயதுப் பெண்பிள்ளை, வெறுமையாகிவிட்ட முடிவுக் கோடு வரை தனியே சுமந்து சென்றாள். அவளுக்காகவே சொல்வதாக எண்ணி யாம் சொன்ன வரலாற்றை அவள் கேட்டாள், யாம் கேட்கவில்லை.

மறுவாரக் காலைக் கூட்டத்தில், எமது முறை அல்லாதபோதும், அதிபரிடம் அனுமதி பெற்று இரண்டு நிமிடம் பேசினோம். முச்சக்கர வண்டியைப் பற்றிக் கூறினோம். மாணவர் நகைத்தனர். யாமும் உடன் நகைத்தோம். அம்மாணவியின் பெயரை மட்டும் கூறவில்லை.

அதன்பின் முறையாகக் கற்கத் தலைப்பட்டோம். உங்களில் எவரேனும் ஓடத் தொடங்க எண்ணின் பயன்படும் என்பதால் கற்றவற்றை இங்கே சொல்கின்றோம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபடல் வேண்டும். பிள்ளைகளுக்கோ நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம். மிதமான ஓட்டம் எது என்று அறிய எக்கருவியும் வேண்டியதில்லை. ஓடியவாறே பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியம் பேச இயலுமாயின் அது மிதமான ஓட்டம். பேச்சு அறுபட்டால் வேகம் மிகுதி. யாம் சித்திரையில் ஓடியபோது ‘ஐயோ’ என்பதற்கே மூச்சு இருக்கவில்லை.

ஓட்டம் சர்க்கரையை எவ்வாறு குறைக்கிறது? உழைக்கும் தசைக்கு எரிபொருள் வேண்டும். தசைகள் சுருங்கி விரியும்போது அவை குருதியிலுள்ள சர்க்கரையைத் தாமாகவே உள்ளிழுத்துக்கொள்கின்றன. இன்சுலினின் உதவியை அவை அப்போது பெரிதும் எதிர்பார்ப்பதில்லை. ஓட்டம் முடிந்த பின்னரும் சில மணி நேரத்துக்கு இன்சுலின் முன்னிலும் நன்றாக வேலை செய்கிறது. ஆகவே ஒருநாள் வீரமாக ஓடி ஆறு நாள் படுத்திருப்பதைவிட, இரண்டு நாளுக்கொருமுறை மெல்ல ஓடுதலே பயன் தரும். ஏற்கெனவே நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோரும், நெஞ்சுநோய் உடையோரும் வைத்தியரைக் கேளாமல் ஓடத் தொடங்குதல் கூடாது.

நம் கிழக்குக் கரைக்கென ஒரு தனிப் பாடமும் உண்டு. வைகாசி முதல் கச்சான் காற்று எழுந்து வெம்மையை வாரி வீசும். வியர்வை உலரும்போதே உடல் குளிரும். வெப்பக் காற்றில் வியர்வை மிக விரைவில் உலர்வதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதை நாம் உணர்வதில்லை. கடற்கரை ஈரக் காற்றிலோ வியர்வை உலராமல் வழிகிறது; உடல் குளிர்வதில்லை. இரண்டிலும் ஆபத்துண்டு. எனவே ஞாயிறு எழுவதற்கு முன்னரே ஓடி முடித்தலும், முன்னும் பின்னும் நீர் அருந்துதலும் இன்றியமையாதன.

வைகாசியில் எமக்கு மற்றொரு பாடமும் கிடைத்தது. கதிர்காமத்துக்குச் செல்லும் பாதயாத்திரை அடியார்கள் ஆண்டுதோறும் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு வழியாக உகந்தை சென்று, குமண, யால வனங்களைக் கடந்து ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமத்தை அடைவர். போர்க் காலத்தில் தடைப்பட்டுக் கிடந்த மரபு இது. அவர்கள் திருகோணமலையை விட்டுப் புறப்பட்ட ஒரு விடியலில் யாமும் சில மைல் தூரம் உடன் நடந்தோம். எமக்குப் பக்கத்தில் ஒரு மூதாட்டியார் வெறுங்காலோடு நடந்தார். கூட்டத்தின் தலைப்பு எம் கண்ணுக்கெட்டாத தொலைவிற் சென்றுகொண்டிருந்தது. “ஆச்சி, பின்தங்கிவிட்டோமே” என்றோம். “ஏன் தம்பி? சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரு மடத்தடியிலதானே இருப்பினம்” என்றார் அவர். இரவு தங்குமிடத்தில் கடைசி அடியார் வந்து சேர்ந்தாரா என்று பார்த்த பின்னரே மற்றவர் உறங்குவராம்.

இச்சொல்லை மனத்திற் கொண்டே ஆவணி மாதத்தில் எம் ஓட்டப் பருவத்தின் இறுதி ஓட்டத்தை ஒழுங்கு செய்தோம். பரிசு இல்லை; மேடை இல்லை; பிரமுகர் இல்லை. அதிபரின் அனுமதியோடும் பெற்றோரின் ஒப்புதலோடும் மாணவரும் ஆசிரியருமாக இருபத்தேழு பேர், சீனன்குடாவிலிருந்து கிண்ணியாப் பாலம் வரை ஓடுவது என்பது ஏற்பாடு. 396 மீற்றர் நீளமுடைய அப்பாலம் 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் அவ்விடத்தில் ‘பாதை’ என்று நம்மவர் அழைக்கும் மிதவைக்காகத் துறையடியிற் காத்துநிற்க வேண்டும். விதிகள் இரண்டே. முதலாவது, எவரும் வாகனத்தில் ஏறலாகாது, இயலாதவர் நடக்கலாம். (இவ்விதி எவருக்காக வகுக்கப்பட்டது என்பதை மாணவர் நன்கறிவர்.) இரண்டாவது, கடைசி ஆள் வந்து பெயர் பதிந்த பின்னரே எவரும் பாலத்தடியை விட்டு அகலலாம்.

தம்பலகாமக் குடாவின் மீது ஞாயிறு எழுந்தது. இளைஞர்கள் சிட்டாய்ப் பறந்தனர். யாம் ஒரு முழு வாக்கியம் பேசக்கூடிய வேகத்தில், பேசுவதற்கு ஆள் இன்றி ஓடினோம். எமக்கு முன்னே நெடுந்தொலைவில் ஒரு சிறு உருவம் அதே சிற்றடிகளோடு போய்க்கொண்டிருந்தது. இருமுறை நடந்தோம், மீண்டும் ஓடினோம். முச்சக்கர வண்டிகள் பல கடந்து சென்றன. ஒன்று வேகத்தைத் தணித்தது. கையை அசைத்து அனுப்பிவிட்டோம்.

பாலத்தடியில் எல்லோரும் இளநீர் குடித்துக்கொண்டிருந்தனர். எவரும் கைதட்டவில்லை, அதற்கு என்ன அவசியம்? பெயர் பதியும் கொப்பி அம்மாணவியின் கையில் இருந்தது. தன் பெயரை இருபத்தாறாவதாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் இலக்கத்தை மட்டும் இட்டு வைத்திருந்தாள். “சேர், நீங்களே எழுதுங்கோ” என்று பேனையை நீட்டினாள். இருபத்தேழாவது வரியில் எமது பெயரை எழுதினோம். வியர்வைத் துளி விழுந்து மை சற்றுப் பரந்தது.

சென்ற மாதம் பார்த்தபோது சர்க்கரை 104. வாசற்படியிலிருந்து முற்றத்துக்கு இறங்கிவிட்டோம். இன்னும் படலையைத் தாண்டவில்லை.

‘அமெச்சூர்’ என்று வழங்கும் சொல், அன்பு செய்பவர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஊதியமும் பரிசும் கருதாது, ஒன்றின் மீதுள்ள அன்பினால் அதனைச் செய்பவரே அமெச்சூர். நம் பிள்ளைகள் பிறக்கும்போது அவ்வாறுதான் பிறக்கின்றனர். நடை பழகிய மறுநாளே ஓடுகின்றனர். அவர்களைப் பிடித்து நிறுத்துபவர் நாமே. தரம் பத்து வந்துவிட்டால் சனியும் ஞாயிறும் பிரத்தியேக வகுப்புகளுக்கு உரியன என்கிறோம். பெண்பிள்ளை பெரியவளாகிவிட்டால் வீதியில் ஓடலாகாது என்கிறோம். முதல் மூன்று இடங்களுக்குள் வராத பிள்ளையிடம், ‘உனக்கு இது சரிவராது, போய்ப் படி’ என்கிறோம்.

பெற்றோரே, வாரத்தில் மூன்று மாலைகளையேனும் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள். விளையாட்டு விழாக்களை நடத்தும் அன்பர்களே, கடைசி ஆள் வந்து சேரும் வரை முடிவுக் கோட்டில் ஒருவரையேனும் நிறுத்தி வையுங்கள். முட்டி உடைப்பது பத்து நிமிடம் பிந்தினாற் குறைந்துவிடாது. மாணவர்களே, நீங்கள் பின்தங்கி ஓடும் நாளில், உங்களுக்குப் பின்னே எவருமில்லை என்று கண்டால் கலங்க வேண்டாம். அவ்விடத்தில் டோக்கியோவில் ஒருவர் ஓடினார். சீனன்குடாவில் உங்கள் கல்லூரிப் பிள்ளை ஒருத்தி ஓடினாள்.

மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்ததும் யாம் மீண்டும் வீதியில் இறங்க இருக்கின்றோம். விடியற்காலை ஐந்து மணி. புகையிரத நிலையத்தின் முன்னால். வேகமாக ஓடத் தெரியாதவர்கள் துணிந்து வரலாம். அவர்களுக்குப் பின்னால் யாம் வருவோம்.